மோப்பி வெயிட்டிங் ஜீரோ டூ

மேலகரத்தில் யாராவது "என்ன வேலை பாக்கே?" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. படம் வரைகிறேன் என்றால், "கல்யாண மண்டபத்துக்கா, கோயில் சுவருக்கா?" என்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைகிறேன் என்றால், "ஓ, பிளெக்ஸ் போர்டா" என்று முடித்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி பேத்தியின் காதுகுத்துக்கு பேனர் போட்டுத் தரச் சொன்னார். அது என் வேலை இல்லை என்றதும் ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். போகட்டும். அவருக்கு நான் செய்தது சின்ன விஷயம். இன்னொருத்திக்குச் செய்ததைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிற ஆப் அவர்களுடையது. அதன் டிசைன் சிஸ்டத்தில் படங்கள் என் பொறுப்பு. டிசைன் சிஸ்டம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆப்பில் வரும் பட்டன், எழுத்து, நிறம், படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருப்பது. மளிகைக் கடையில் டப்பா அடுக்கியிருக்கிறார்களே, அந்த மாதிரி. டப்பா மேல் பெயர் இருந்தால்தான் கையை நீட்டினதும் சீரகம் வரும். நான் சேர்ந்தபோது படங்களின் பெயர்கள் ஊர் சிரிக்கிற நிலையில் இருந்தன. 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ஃபைனல் இதுதான்' என்ற ரீதியில் போகும். டாக்டர் படம் வேண்டும் என்று தேடினால் டாக்டர் வரமாட்டார், ஆம்புலன்ஸ் வரும்.

அதனால் பெயர் வைப்பதற்கு ஒரு விதிமுறை எழுதச் சொன்னார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு பெயரிலும் மூன்று பகுதி: யார், என்ன செய்கிறார், எத்தனையாவது படம். நடுவில் சின்னக் கோடு. அதோடு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்க வரி எழுத வேண்டும். கண் தெரியாதவர்களின் போன், படம் வரும் இடத்தில் அந்த வரியைத்தான் சத்தமாக வாசிக்கும். வரி காலியாக இருந்தால் சில போன்கள் ஃபைலின் பெயரையே வாசித்துவிடும், ஜாக்கிரதை என்று நானே எழுதி, தடித்த எழுத்தில் போட்டேன். மனிதர்கள் வரும் படங்களுக்குத் தனியாக இன்னொரு விதி. ஒருவரின் உருவத்தையோ குறையையோ வைத்துப் பெயர் வைக்கக் கூடாது, அவர் செய்கிற காரியத்தை வைத்துப் பெயர் வையுங்கள் என்று. என் டீம் லீட் எல்லோரும் இருந்த கூட்டத்தில் அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்படி எழுதியவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள். ஆப் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதற்கு ஆறு மனிதர்களை உருவாக்க வேண்டியிருந்தது. டீமில் அவர்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துதான் கொடுத்திருந்தார்கள். எனக்கு யார் ஏ, யார் டி என்று நிற்கவே இல்லை. வேலை ஓடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர் வழக்கப்படி பட்டப்பெயர் வைத்தேன். தமிழ்ச் சொல்தான், ஆங்கில எழுத்தில். டீமில் தமிழ் தெரிந்த ஈ காக்கை கிடையாது.

எங்கள் பக்கம் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. ஒரே தெருவில் நாலு பேருக்கு ஒரே பெயர் இருக்கும், எல்லாம் குலசாமி பெயர். ஆளைப் பிரித்துச் சொல்ல வேண்டுமே. அதனால் சொட்டை, ஒட்டகம், இழுவை, ஊளைமூக்கு. கூரியர்காரர் வந்து வழி கேட்டால்கூடக் குரலைத் தாழ்த்தி அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். சம்பந்தப்பட்ட ஆள் எதிரே வந்துவிட்டால் "வாங்க அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?" கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆபத்துக்கு முதலில் ஓடி வருவதும் இவர்கள்தான். பெயர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவரை யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஊரே நம்புகிறது. நானும் நம்பினேன்.

வழுக்கை டாக்டருக்குச் 'சொட்டை'. உயரமான நர்சுக்கு 'ஒட்டகம்'. முக்காடு போட்டுக்கொண்டு போனை முகத்தருகே வைத்துப் பார்க்கும் பெண்ணுக்கு 'மோப்பி'.

அந்தப் பெண் நிஜமானவள். கடையநல்லூர்க்காரி. தென்காசியில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் வருவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பார்வை மட்டு. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கரும்பலகை தெரியாது. புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு படிப்பாள். எட்டாம் வகுப்பில் டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். போர்டில் எழுதுவதையெல்லாம் நான் மெதுவாக வாசித்துச் சொல்ல வேண்டும். முதலில் கடுப்பாக இருந்தது. ஒரு மாதத்தில் அவள் இல்லாவிட்டால் எனக்கு வகுப்பே ஓடாது என்று ஆகிவிட்டது. வட்டலப்பம் என்கிற முட்டை இனிப்பை டிபன் டப்பாவில் ஒளித்துக் கொண்டுவந்து எனக்கு மட்டும் தருவாள். நான் சொல்லும் அசட்டு ஜோக்குக்கெல்லாம் சிரிப்பாள். அவளைப் போல என்னை நம்பியவர்கள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் அவள் முதலாவதாக வந்தாள். நான் ஏழாவது. நான் வாசித்துச் சொன்னதைக் கேட்டு எழுதியவள் முதல், வாசித்தவள் ஏழு. வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான வார்த்தை போட்டு மழுப்ப நான் தயாராக இல்லை, எரிந்தது. மறுநாள் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் கரும்பலகையில் பெரிதாக 'மோப்பி' என்று எழுதினேன். பக்கத்தில் மோப்பம் பிடிக்கும் ஒரு நாய், அதன் மூக்கடியில் ஒரு புத்தகம். அப்போதே எனக்குக் கை நன்றாக வரும்.

வகுப்பு நிறைந்தது. சிரிப்பு கிளம்பியது. அவள் என் கையைத் தொட்டு, "ஏட்டி, எல்லாரும் சிரிக்காளுவளே, போர்டுல என்ன எழுதிருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்குள் பெயர் அவள் காதுக்குப் போய்விட்டது. அடுத்த இரண்டு வருடமும் அவள் மோப்பிதான். பஸ்ஸில்கூடக் கூப்பிட்டார்கள். டீச்சர் விசாரித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருத்தி எப்போதும் படம் போட்டுக்கொண்டிருப்பாள், அவளை ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்தினார்கள். இவள் நாலு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவளைக் கட்டிப்பிடித்து, "அவளுவ கெடக்காளுவ, விடுட்டி" என்று ஆறுதல் சொன்னேன். கண்ணைத் துடைத்தும் விட்டேன். எழுதும்போதே சீ என்று இருக்கிறது.

பிறகு அவள் பி.காம். படித்தாள், கல்யாணம் ஆயிற்று. அவள் மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். பெரிய எழுத்தாக வைத்துக்கொண்டால் மூக்கருகே போனைப் பிடித்து ஒரு சொல் இரண்டு சொல் பிடிபடும். மற்றதெல்லாம் காதால்தான். வாசிக்கும் போனைத் தானே பழகிக்கொண்டாள். அது கொட்டும் வேகத்தில் எனக்கு ஒரு எழுத்தும் புரியாது, அவள் வெற்றிலை போடுகிற சாவகாசத்தில் கேட்டுக்கொண்டிருப்பாள். யார் கூப்பிட்டாலும் அந்த போன் பெயரைச் சத்தமாகச் சொல்லும். என் பெயரை அவள் 'முதல் பெஞ்சு' என்று பதிந்து வைத்திருந்தாள். கடையநல்லூரில் அவள் வீட்டுக்குப் போனால் நான் காலிங் பெல் அடிப்பதில்லை. கேட்டில் நின்று போன் போடுவேன். உள்ளேயிருந்து "முதல் பெஞ்சு, முதல் பெஞ்சு" என்று அந்த மெஷின் குரல் வரும். கூடவே அவள் சிரிப்பும்.

ஆப்புக்கு ஆட்கள் வரைய வேண்டி வந்தபோது அவளிடம் கேட்டேன். "உன்ன வெச்சு ஒரு படம் போடட்டுமா?"

"போடேன். மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாக்கு" என்றாள். அவள் வீட்டு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை, நின்றதை, போன் பார்த்ததையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டேன். வரைந்து முடித்த பிறகு, "எப்படி வந்திருக்கேன்?" என்றாள்.

"ராணி கணக்கா இருக்க" என்றேன்.

போனை மூக்கில் வைத்துக்கொண்டிருப்பதாகத்தான் வரைந்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைத்தேன் என்பதையும் சொல்லவில்லை. ஃபைலைச் சேமிக்கும் கட்டம் திறந்ததும் என் விரல் தானாக அந்தப் பெயரை அடித்தது. யோசிக்கக்கூட இல்லை. இருபது வருடமாக அவள் கையைப் பிடித்து ரோடு கடக்க வைத்திருக்கிறேன், அவள் சோற்றைத் தின்றிருக்கிறேன். எனக்குள் அவளுக்கு இருந்த பெயர் அதுதான் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. அதையும் நான் கவனிக்கவில்லை.

பெயரை மாற்றவும் இல்லை. நாற்பது இடத்தில் அந்தப் படம் ஒட்டிக்கொண்டிருந்தது, மாற்றினால் எல்லாம் உடையும் என்று எனக்கு நானே சாக்கு. லீட் ஒருநாள், மோப்பி என்றால் என்ன என்று கேட்டாள். செல்லப் பெயர் என்று சொல்லிவைத்தேன். அவ்வளவுதான், டீமுக்கே பிடித்துப்போயிற்று. 'மோப்பி கையில் குடை கொடுக்க முடியுமா', 'டோக்கன் இல்லை என்கிற பக்கத்தில் மோப்பி நின்றால் நன்றாயிருக்கும்' என்று தினமும் மெசேஜ் வரும். நான் கட்டைவிரல் பொம்மை போட்டு அனுப்புவேன்.

இதெல்லாம் இருக்கும்போது, கண் தெரியாதவர்கள் ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சோதிக்க ஆள் வேண்டும் என்று கம்பெனியில் பேச்சு வந்தது. நான்தான் அவளைச் சொன்னேன். முதல் சோதனையில் சரியாகச் செய்தால் தொடர்ந்து வேலை. அவளிடம் சொன்னபோது, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "வீட்ல எல்லாரும் எனக்குத் தட்டுல சோத்தப் போட்டு இங்கன இருக்கு, அங்கன இருக்குன்னு சொல்லுதாவ. நான் ஒருத்தருக்கு, இங்கன தப்பு இருக்குன்னு சொல்லணும்ட்டி. ஒரு தடவயாவது" என்றாள். இரண்டு வாரம் வேறு வேறு ஆப்களை எடுத்துப் பழகினாள். நான் உட்கார்ந்து படங்களின் விளக்க வரிகளையெல்லாம் சரிபார்த்தேன். சரிபார்த்ததாக நினைத்தேன்.

சோதனை ஒரு காலை நேரம், வீடியோ காலில். லீட் பெங்களூரில், அவள் கடையநல்லூரில், நான் மேலகரத்தில். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் நல்ல சேலை உடுத்தி, முக்காடு ஒழுங்காகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, நினைவில் நிற்பதைத் தமிழில் எழுதுகிறேன். முதல் இருபது நிமிடத்திலேயே எங்கள் யார் கண்ணிலும் படாத நாலு தவறைக் கண்டுபிடித்துவிட்டாள். லீட் வேகமாகக் குறித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போது அவள் டோக்கனுக்குக் காத்திருக்கும் பக்கத்துக்குப் போனாள். போன் வாசித்தது.

"மோப்பி வெயிட்டிங் ஜீரோ டூ."

அவள் விரல் நின்றது. திரும்ப அதே இடத்தைத் தொட்டாள். "மோப்பி வெயிட்டிங் ஜீரோ டூ." மெஷினுக்கு என்ன, எத்தனை தடவை கேட்டாலும் அதே குரலில் சொல்லும். கடைசி வாரத்தில் சேர்த்த படம் அது. விளக்க வரி எழுத விட்டுப்போயிருக்கிறது.

லீட் கலகலவென்று சிரித்தாள். "அது எங்கள் மோப்பி" என்றாள். "எங்கள் ஓவியர் உருவாக்கிய பெண். போனை எப்போதும் மூக்குக்கு நேராக வைத்திருப்பாள். எங்களுக்கெல்லாம் ரொம்பச் செல்லம்."

"யார் வைத்த பெயர்?" என்று அவள் கேட்டாள்.

"உங்கள் தோழிதான்."

அந்தச் சின்னக் கட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் என் பக்கம் திரும்பவில்லை. என் கட்டம் எந்தப் பக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேமராவை அணைத்துவிடலாமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவளுக்கு என் முகம் தெரியாது என்பதே அப்புறம்தான் நினைவு வந்தது. முகத்தை மறைக்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை.

அவள் லீடிடம் பேச்சைத் தொடர்ந்தாள். "இந்தப் பெயரைக் கேட்டால் படத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதை ஐந்தாவது தவறாக எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனாள். கடைசிவரை குரல் ஆடவில்லை. அன்று மாலையே வேலை அவளுக்கு உறுதியாயிற்று.

மறுநாள் கடையநல்லூர் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து பத்துவிதமாகப் பேச்சைத் தயாரித்தேன். டீமில் யாரோ வைத்த பெயர் என்று சொல்லலாம். விளையாட்டுக்கு என்று சொல்லலாம். பள்ளிக்கூட ஞாபகமாக என்றுகூடச் சொல்லலாம். என் புத்தி போன போக்கைப் பாருங்கள். கேட்டில் நின்று பழக்கத்தில் போன் போட்டேன். உள்ளேயிருந்து "முதல் பெஞ்சு, முதல் பெஞ்சு" என்று வந்தது. சிரிப்புச் சத்தம் வரவில்லை. அவளே வந்து கதவைத் திறந்தாள்.

டீ கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"போர்டுல எழுதினது நீயா?"

தயாரித்த பத்தும் எங்கே போயிற்றோ. "ஆமா" என்றேன்.

"அன்னைக்கு உங்கிட்டதான் கேட்டேன், என்ன எழுதிருக்குன்னு."

"ஆமா."

"ஒண்ணுமில்லன்னு சொன்ன."

"ஆமாட்டி."

"நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா ஒண்ணுமில்லன்னுதான் நான் இருப்பேன். எனக்கு வேற வழி கெடையாதுல்லா" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இவள் கணக்குப் பாடத்தில் ஒரு வரி விட்டுப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "வெளிய நிறுத்தினாவளே ஒருத்தி, அவகூட நான் பத்தாப்பு முடியுறவர பேசல. அவ எத்தன தடவ சொன்னா, நான் இல்ல நான் இல்லன்னு. நான் நம்பல. உன்ன நம்பிட்டு இருந்தேன்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். எவ்வளவு மொட்டையான வார்த்தை அது. டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"சரி, அந்தப் படத்துல நான் என்ன செய்யுதேன்? உள்ளத சொல்லு" என்றாள்.

"நாற்காலில உக்காந்திருக்க. முக்காடு போட்டிருக்க. போன மூக்குகிட்ட வெச்சுப் பாக்குத."

"ராணி கணக்கான்னு சொன்ன."

டீயில் கட்டியிருந்த ஆடையை விரலால் ஒதுக்கினேன்.

"போன அப்படி வெச்சுத்தான் நான் பாக்குதேன். அது எனக்கு ஒண்ணும் அசிங்கமில்ல. வெளக்க வரில அப்படியே எழுது" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எழுதிட்டு அனுப்பு. சரியா வாசிக்குதான்னு பாத்துச் சொல்லணும். அது எம் வேலல்லா இப்ப."

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் மாற்றினேன். சொட்டை போயிற்று, ஒட்டகம் போயிற்று. நாற்பது இடம் உடையும் என்று பயந்தேனே, மூன்றே இடம்தான் உடைந்தது, ஒரு மணி நேரத்தில் சரியாயிற்று. அந்த ஒரு மணி நேரத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் வருடக்கணக்கில் அவளை அந்தப் பெயரில் ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறேன். லீடிடம் அந்தச் சொல்லின் அர்த்தத்தைச் சொன்னேன். யாரைப் பார்த்து வரைந்தேன் என்பதையும் சொன்னேன். "அன்றைக்கு நான் சிரித்தேனே" என்றாள் அவள். அதன் பிறகும் டீமில் யாராவது வாய் தவறி மோப்பி என்று சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் திருத்துகிறேன். ஒவ்வொரு தடவையும் காது சுடுகிறது.

அவள் வேலைக்குச் சேர்ந்து சுறுசுறுப்பாகிவிட்டாள். என் படங்களில் குறை கண்டுபிடித்து எழுதி அனுப்புவாள். 'விளக்க வரி மிக நீளம்', 'டாக்டர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா, தெளிவில்லை' என்று. பேசும்போதும் பழைய மாதிரிதான் பேசினாள். எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதை நினைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

ஆடியில் அருவி நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டதும் அவளே போன் செய்து, "குத்தாலம் போவோமா?" என்றாள். வருடா வருடம் போவதுதான். அவள் மதினியும் வந்தாள். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கம்பியைப் பற்றியபடி தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து நின்றாள். மூச்சு முட்டுகிறவரை நின்றுவிட்டு வெளியே வந்து, "இன்னொரு தடவ" என்றாள். மூன்று தடவை போனோம். குளிரில் பல் கிட்டிக்கொண்டு சிரித்தோம்.

அவர்கள் இருவரும் உடை மாற்றப் போனார்கள். நான் முதலிலேயே மாற்றிக்கொண்டு, சூடாக ஏதாவது வாங்கலாம் என்று கடைப்பக்கம் போனேன். மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தால் சொன்ன இடத்தில் ஆளைக் காணோம். வடநாட்டு பஸ் ஒன்று அப்போதுதான் வந்து இறக்கியிருந்தது, எங்கு பார்த்தாலும் ஈரத்தலை. பஜ்ஜியை இடுக்கிக்கொண்டு போன் போட்டேன். அவள் போன் எப்போதும் முழுச் சத்தத்தில் இருக்கும். எங்கேயிருந்து 'முதல் பெஞ்சு' கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இடது பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் கடை ஓரத்திலிருந்து அந்த மெஷின் குரல் வந்தது. என் நம்பரை வாசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி. தெரியாத ஆள் கூப்பிட்டால் வாசிக்குமே, அப்படி.

பாதியிலேயே எடுத்துவிட்டாள். "எங்கட்டி நிக்க? நாங்க சிப்ஸ் கடைட்ட நிக்கோம்."

பக்கத்தில் போனேன். மதினி உள்ளே சிப்ஸ் எடை போட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இவள் துவட்டாத தலையில் முக்காட்டோடு சுவரோரமாக நின்றாள். கேட்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"பேர எடுத்துட்டியா?"

"ம்" என்றாள். எதை என்று கேட்கவில்லை. "நீ வீட்டுக்கு வந்துட்டுப் போன அன்னைக்கே எடுத்துட்டேன். வேற பேரு வைக்கணும்னுதான் பாக்குதேன். ஒண்ணும் அமையல."

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்து, கிடைக்காமல் விட்டிருக்கிறாள். பெயர் வைப்பதற்கு விதிமுறை எழுதியவள் நான். எனக்கு நானே ஒரு பெயர் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை.

"நம்பர் எனக்கு மனப்பாடம்தான். ரெண்டு எண்ணு வந்ததும் தெரிஞ்சிரும், நீதான்னு" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "வா, பஸ்ஸ விட்டுரப்போறோம்."

பிடித்துக்கொண்டேன். கடையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படி பாசி பிடித்துக் கிடந்தது. "படி வருது" என்றேன்.

"எத்தன?" என்றாள்.

நான் நின்று, குனிந்து, நன்றாகப் பார்த்து எண்ணிவிட்டுச் சொன்னேன்.